தாய்லாந்தில் ஏழு நாட்கள்: சிறு குழுப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனவரி மாதத்தின் பிற்பகுதியில், பத்துப் பேருக்கு மேற்படாத சிறு குழுவாக நாங்கள் தாய்லாந்துக்குச் சென்று வருகிறோம். வர விரும்புவோர் புறப்படுவதற்கு முன்பும், வந்தவர்கள் வழியிலும் கேட்ட கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே விடைகளுடன் தந்திருக்கிறோம்.

ஏழு நாட்களில் எங்கெல்லாம் செல்கிறோம்?

ஆறு இரவுகள், ஏழு பகல்கள். திங்கள்கிழமை பாங்காக்கில் இறங்கி அங்கே இரண்டு இரவுகள் தங்குகிறோம். புதன்கிழமை பிற்பகல் ரயிலில் அயுத்தியா சென்று ஓர் இரவு தங்குகிறோம். வியாழக்கிழமை மாலை மேற்கே காஞ்சனபுரியை அடைந்து, அங்கே இரண்டு இரவுகள் தங்குகிறோம். சனிக்கிழமை இரவு அம்பாவா என்னும் கால்வாய்க்கரைச் சிற்றூரில் கழிகிறது. ஞாயிறு மாலை விமான நிலையம்.

பயணத்தைத் திங்கள்கிழமை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அம்பாவாவின் மாலை நேரப் படகுச் சந்தை வார இறுதியில் மட்டுமே நடப்பதால், அதற்கேற்பவே மற்ற நாட்களை அடுக்கினோம். வரைபடத்தில் பார்த்தால் முதல் பாதி சாவ் பிரயா ஆற்றோடும், பின்பாதி க்வாய் ஆறும் அது கலந்து உருவாகும் மே கிளாங் ஆறும் செல்லும் வழியோடும் நகர்வது தெரியும். தாய்லாந்தின் நடுச்சமவெளியில் ஊர்களும் கோயில்களும் சந்தைகளும் ஆற்றை நோக்கியே எழுந்தவை. ஆகவே ஆற்றின் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் அவற்றின் அமைப்பு விளங்கும் என்பது எங்கள் அனுபவம்.

சியாங் மாய், புக்கெட், பட்டாயா ஆகியவை ஏன் இல்லை?

இதுவே எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. சியாங் மாய் பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புக்கெட் தெற்கே 800 கிலோமீட்டருக்கும் மேல். உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் விடுதியிலிருந்து கிளம்புவது, விமான நிலையத்தில் காத்திருப்பது, பெட்டிகளை வாங்கிக்கொண்டு அடுத்த விடுதிக்குச் செல்வது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடுகிறது. ஏழு நாளில் மூன்று திசைகளுக்கும் ஓடுகிறவர்கள் பார்த்த இடங்களின் பெயர்களைக்கூட நினைவில் வைத்திருப்பதில்லை. இந்தக் கருத்தில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

அவை பார்க்கத் தகாத இடங்கள் என்று பொருளல்ல. 1296ஆம் ஆண்டில் மங்ராய் மன்னர் நிறுவிய சியாங் மாய்க்கு லான்னா அரசின் தனிப் பண்பாடும் தனிச் சமையலும் உண்டு. அதற்கென்றே ஐந்து நாட்கள் ஒதுக்கிச் செல்ல வேண்டும். தெற்கே க்ராபி பக்கம் செல்கிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல், க்ளோங் தோம் ஊரில் கிடைத்த, தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறிக்கப்பட்ட பொற்கொல்லரின் சிறிய உரைகல்லைப் பற்றியும் படித்துவிட்டுச் செல்லட்டும்.

எந்த மாதம் ஏற்றது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, வெயிலும் தாங்கக்கூடியது. மார்ச்சிலிருந்து மே வரை சென்னை வெயிலுக்குச் சற்றும் குறையாத வெயில். மே மாதத்துக்குப் பின் அக்டோபர் வரை மழைக்காலம். அந்நாட்களில் அருவிகள் பெருகி நிற்கும் என்றாலும், வெள்ளத்தின்போது மேல் அடுக்குகளுக்கு ஏற விடமாட்டார்கள். வடக்கே மட்டும் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரிவதால் புகை மண்டும். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் அப்போது அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சோங்க்ரானுக்குச் செல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். ‘சங்கராந்தி’ என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில் வருகிறது. பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் ஊற்றி வாழ்த்துப் பெறுவதும் புத்தர் சிலைகளை நீராட்டுவதும் அவ்விழாவின் உள்ளடக்கம். ஆனால் அந்த வாரத்தில் நாட்டு மக்கள் பெரும்பாலோர் சொந்த ஊருக்குச் செல்வதால் ரயிலிலும் சாலையிலும் இடம் கிடைப்பது கடினம். குழுவாகச் செல்கிறவர்களுக்கு அது பொருந்தாது.

விசாவும் மற்ற ஆவணங்களும்?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்காக விசா இன்றி நுழையும் சலுகை 2023 நவம்பரில் தொடங்கியது. சலுகையும் அதன் கால அளவும் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் விடுதி முன்பதிவும் கையில் இருக்கட்டும்.

2025 மே 1 முதல், வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும் என்பது விதி. தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல என்று அறிந்துகொள்ளுங்கள்.

பாங்காக் அரண்மனைக்குச் செல்லும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உடை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஆண்களும் முழுக்கால் சட்டை அணிய வேண்டும். புடவையும் சுடிதாரும் முற்றிலும் பொருத்தமானவை. வாயிலில் இதைச் சரிபார்க்கிறார்கள். இது கோயில் வளாகம் என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானதே. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 500 பாட். காலை 8.30 மணிக்குத் திறந்ததும் உள்ளே சென்றுவிட்டால் வெயிலுக்கும் நெரிசலுக்கும் முன் பார்த்து முடிக்கலாம்.

அடுத்தது ஓர் எச்சரிக்கை. அரண்மனை மதிலோரம் நல்ல உடை அணிந்த ஒருவர் புன்னகையோடு வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு அழைத்துச் செல்கிறேன்” என்பார். எங்கள் முதல் பயணத்தில் குழுவிலிருந்து சற்றுப் பின்தங்கிய இருவர் இதை நம்பி ஒரு டுக்-டுக் வண்டியில் ஏறி, அரை நாளை ஒரு நகைக்கடையில் கழித்துவிட்டு வந்தார்கள். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை அதன் வாயிலில் மட்டும் கேளுங்கள்.

பாங்காக் நகரத்தின் பிறப்பும் இந்த வளாகத்தின் பிறப்பும் ஒன்றே. 1782இல் சக்ரி அரச மரபைத் தொடங்கிய முதலாம் ராமா, தலைநகரைச் சாவ் பிரயாவின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது எழுந்தது இது. உள்ளே வாட் ப்ரா கேவ் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் உண்மையில் பச்சை நிற ஜேடு கல்லால் ஆனவர்; 66 செண்டிமீட்டர் உயரமே உள்ள சிலை. வெயில், மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் மூன்று பொன்னாடைகள் உண்டு. பருவம் மாறும்போது மன்னரே ஆடை மாற்றும் சடங்கைச் செய்வது மரபு. சிலையைப் பார்க்க விரைகிற கூட்டம், கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரத்தின் சுவர்களைக் கவனிப்பதில்லை. அங்கே 178 பகுதிகளாக, தாய் மக்களின் ராமாயணமான ராமகியன் கதை முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. எங்கள் குழு அந்தச் சுவர்களுக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்குகிறது.

அரண்மனையிலிருந்து நடை தூரத்தில் வாட் போ. அங்கே சாய்ந்த நிலையில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் கொண்டவர். பாதங்களில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியால் பதிக்கப்பட்டுள்ளன. பின்னர் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். அதன் கோபுரத்தை மூடியிருப்பவை பீங்கான் துண்டுகள்; அருகில் சென்று பார்த்தால் தட்டும் கிண்ணமும் பூ இதழ்களாக மாறியிருப்பது தெரியும். வைகறைத் தெய்வமான அருணனின் பெயர் கொண்ட கோயில் அது. ஆயினும் மாலையில் எதிர்க்கரையில் அமர்ந்து, அதன் பின்னே வானம் சிவப்பதைப் பார்ப்பதையே நாங்கள் விரும்புகிறோம்.

ராமகியன் நம் ராமாயணம்தானே?

கதைச் சட்டகம் ஒன்றே. ஆனால் ‘நம்முடையது’ என்ற நினைப்போடு பார்த்தால் அதில் தாய் மக்களின் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தோத்சகன் என்று அவர்கள் அழைக்கும் இராவணன் பச்சை நிற முகம் கொண்டவன். அங்கே சீதை அவனுடைய மகள்; பிறந்தவுடன் விதியின் பொருட்டு ஆற்றில் விடப்பட்டவள். அனுமன் பிரம்மச்சாரி அல்லன். இலங்கைக்குப் பாலம் கட்டும்போது கற்களைக் களவாடும் மச்சகன்னி சுவன்னமச்சாவை அவன் காதலித்து மணக்கிறான். கம்பனைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இவை முதலில் திகைப்பைத் தரும். எங்கள் குழுவில் வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர், அனுமன் மீனுருக் கொண்ட பெண்ணைத் துரத்தும் ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, “இது வேறு அனுமன், இவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது” என்றார்.

இன்று வழங்கும் விரிவான வடிவம் முதலாம் ராமா காலத்தில், 1797இல் உருவானது. முகமூடி அணிந்து ஆடும் கோன் நாடகம் இந்தக் கதையையே நிகழ்த்துகிறது. 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் கோன் சேர்க்கப்பட்டது. நடிகர் பேசுவதில்லை, பாட்டும் உரையும் பக்கத்திலிருந்து வரும். நிகழ்ச்சி நடக்கும் நாளாக அமைந்தால் குழுவினரை அழைத்துச் செல்கிறோம்.

பாங்காக்கில் திருவெம்பாவை பாடுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய நகரில் ‘பெரிய ஊஞ்சல்’ என்னும் செந்நிறத் தேக்குத் தூண்கள் 21 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. முதலில் 1784இல் நிறுவப்பட்ட இதில், திரியம்பாவை – திரிபாவை என்னும் விழாவின்போது ஆட்கள் ஏறி உயரமாக ஆடுவார்கள். விபத்துகளின் காரணமாக அந்த ஆட்டம் 1930களில் நிறுத்தப்பட்டது. ஊஞ்சலுக்கு அருகிலேயே தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயில் இருக்கிறது. அரசவைச் சடங்குகளை நடத்தும் தாய் பிராமணர்கள் மார்கழி–தை ஒட்டிய நாட்களில் அங்கே விழாவைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

விழாவின் பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் இருக்கின்றன. தென்னிந்தியக் கிரந்த எழுத்தின் வழிவந்த எழுத்தில் பாடல்கள் எழுதிக் காக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருகின்றன. ஒலி மிகவும் மாறிவிட்டதால், பொருள் அறிந்து ஓதப்படுவதாகச் சொல்ல முடியாது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புதன்கிழமை காலையில் ஊஞ்சலையும் எதிரிலுள்ள வாட் சுதாத் கோயிலையும் பார்க்கிறோம். தேவஸ்தானின் கதவு திறந்திருந்தால் உள்ளே சென்று வணங்குகிறோம், இல்லாவிட்டால் வாயிலில் நின்று மாணிக்கவாசகரின் முதல் பாடலை மெல்லச் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

கோயில்களிலும் பொது இடங்களிலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நம் வழக்கங்களில் பல அப்படியே செல்லும்: காலணியைக் கழற்றுவது, பெரியவர்களுக்குக் கைகூப்புவது, பெரிய குரலில் பேசாதிருப்பது. புதிதாகக் கற்க வேண்டியவை சில. அமரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது. மண்டியிட்டோ கால்களை ஒருபக்கம் மடித்தோ அமர வேண்டும். யாருடைய தலையையும் தொடக் கூடாது. அன்பினால் குழந்தையின் தலையைத் தடவும் நம் பழக்கத்தையும் அங்கே தவிர்ப்பது நல்லது. பெண்கள் பிக்குகளைத் தொடுவதோ நேராகக் கையில் பொருள் கொடுப்பதோ கூடாது.

அரச குடும்பத்தைப் பற்றிப் பொது இடத்தில் விமர்சனமோ வேடிக்கைப் பேச்சோ வேண்டாம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி அதற்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது சுற்றியிருப்பவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம். புத்தர் சிலைகளை வாங்கி வருவதற்கு நுண்கலைத் துறையின் அனுமதி தேவை என்பதால், நினைவுப் பொருளாக வேறு எதையேனும் தேர்ந்தெடுங்கள்.

மரக்கறி உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இறைச்சி இல்லாத உணவு என்றாலும் மீன் சாறான நாம் ப்ளாவும், இறால் விழுதான கப்பியும் உள்ளே இருக்கும். காய்கறிப் பொரியலிலும் சிப்பிச் சாறு சேர்ப்பார்கள். மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. நமக்கு உப்பு எப்படியோ அவர்களுக்கு மீன் சாறு அப்படி.

இரண்டு சொற்களை மனத்தில் கொள்ளுங்கள். ‘மங்ஸவிரத்’ என்றால் இறைச்சி விலக்கியது. முட்டையும் பாலும் இருக்கலாம். மாம்சம், விரதி என்னும் வடசொற்களிலிருந்து வந்தது என்பதால் நம் நாவுக்கு எளிது. ‘ஜே’ என்பது அதைவிடக் கடுமையானது. சீன பௌத்த மரபைச் சார்ந்த அந்த உணவில் முட்டையும் பாலும் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. சிவப்பு எழுத்து கொண்ட மஞ்சள் கொடி தொங்கும் கடைகளில் ‘ஜே’ உணவு கிடைக்கும். பூண்டு வெங்காயம் சேர்க்காதவர்களுக்கு அவை பெரிய உதவி. மற்ற கடைகளில் “மாய் ஸாய் நாம் ப்ளா” என்றால் மீன் சாறு போட வேண்டாம் என்று பொருள். குறித்த உணவு வகைகளைத் தாய் எழுத்தில் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் தருகிறோம்; சொல்லின் ஒலி தவறினாலும் அட்டை தவறாது.

துருவிய பச்சைப் பப்பாளியும் எலுமிச்சையும் மிளகாயும் இடித்துச் செய்யும் சோம் தாம் வழக்கமாக உலர்ந்த இறாலோடு வரும். சொன்னால் இல்லாமலே இடித்துத் தருவார்கள். ஒட்டரிசிச் சோற்றைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து மாம்பழத்தோடு தரும் காவ் நியாவ் மாமுவாங் யாரும் தயக்கமின்றிச் சாப்பிடக்கூடியது. மாம்பழக் காலம் மார்ச்சுக்குப் பிறகுதான் என்றாலும் சனவரியிலும் நல்ல பழம் கிடைக்கிறது. மூன்று வேளையும் இந்திய உணவகம் தேடுவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. ஒரு நாட்டின் அடுக்களையைத் தவிர்த்துவிட்டு அதன் பண்பாட்டைப் பார்த்ததாகக் கூற இயலாது.

அயுத்தியாவில் இடிபாடுகள் மட்டும்தானே?

ஆம், இடிபாடுகளே. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாகி, நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) தலைநகராக இருந்த நகரம் 1767இல் பர்மியப் படையால் எரிக்கப்பட்டது. அயோத்தியின் பெயரைத் தாங்கியது. சாவ் பிரயா, பா சக், லோப்புரி என்னும் மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு. பாரசீகரும் சீனரும் சப்பானியரும் போர்த்துக்கீசியரும் கடல் வழியாக வந்து ஆற்றின் கரைகளில் குடியிருப்புகள் அமைத்திருந்த வணிக நகரம் அது. 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாங்காக்கிலிருந்து 80 கிலோமீட்டர். காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள் பெரும்பாலோர். நாங்கள் இரவு தங்குவதன் பயன், பேருந்துகள் சென்றபின் ஆறு மணிக்கு வாட் சைவத்தனாராம் ஆற்றங்கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். மறுநாள் அதிகாலை மிதிவண்டியில் சுற்றுகிறோம்; ஊர் சமதளமானது, வாடகை குறைவு. வாட் மகாதாத்தில் அரசமர வகை ஒன்றின் வேர்கள் தழுவியிருக்கும் புத்தரின் கல் தலை இருக்கிறது. அதனோடு படம் எடுக்கிறவர்கள் தங்கள் தலை அதைவிட உயராதபடி தரையில் அமர வேண்டும். காவலர் நினைவூட்டுவதற்கு முன் நாமே அமர்ந்துவிடுவது அழகு. சுற்றிலும் வரிசை வரிசையாகத் தலையில்லாத சிலைகள் இருக்கின்றன. போரிலும் பின்னர் கொள்ளையிலும் வெட்டி எடுக்கப்பட்டவை அவை. அவற்றின் கழுத்துக்கு மேல் தங்கள் முகத்தை வைத்துப் படமெடுக்கச் சிலர் முயல்வதுண்டு. எங்கள் குழுவில் அதற்கு இடமில்லை.

சுற்றுலாவில் காஞ்சனபுரி போன்ற துயரமான இடம் எதற்கு?

மலையும் ஆறும் சேர்ந்த அழகான ஊர் என்பதே இவ்வினாவுக்குப் பாதி விடை. மற்றப் பாதி, தமிழர்களாகிய நாம் அங்கே செல்லாமல் தாய்லாந்தைப் பார்த்துத் திரும்புவது சரியல்ல என்று நாங்கள் கருதுவது.

இரண்டாம் உலகப் போரில் சப்பானிய இராணுவம் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942–43இல், ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் போட்டது. பிடிபட்ட நேச நாட்டு வீரர்கள் சுமார் 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து, நல்ல கூலி என்ற ஆசைச் சொல்லாலும் கட்டாயத்தாலும் ஏற்றி வரப்பட்ட தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரக் கணக்கானோரைக் கொன்றன. போர் வீரர்களுக்கு இருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் பெயர்ப் பட்டியல்களும் இவர்களுக்கு இல்லை. மலேசியத் தமிழர்கள் இதைச் சயாம் மரண ரயில் என்று இன்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரின் நடுவிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கற்கள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும். புல்வெளியும் பூச்செடிகளும் குறையின்றிப் பேணப்படுகின்றன. அந்த வரிசைகளில் தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களைக் காண முடியாது. ஒரு முறை எங்களோடு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட அம்மையார், தம் தாத்தா சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். கல்லறைத் தோட்டத்தில் பூ வைக்க அவருக்கு ஓர் இடம் இல்லை. கொண்டுவந்த சாமந்தியை மாலையில் அந்த ரயில் பாதையின் பாலத்துக்குக் கீழே க்வாய் ஆற்றில் விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவும் அவ்வாறே செய்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லறைக்குப் பக்கத்திலுள்ள ரயில் பாதை அருங்காட்சியகத்தையும் கல்லறையையும் பார்த்துவிட்டு, அதே பாதையில் இன்றும் ஓடும் ரயிலில் ‘நாம் தோக்’ என்னும் நிலையம் வரை செல்கிறோம். பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழையவை. இடையே கோணமாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பின் போடப்பட்டவை. தாம் கிராசே அருகே, ஒருபுறம் செங்குத்துப் பாறையும் மறுபுறம் ஆறுமாக, மரத்தூண்களின் மேல் ரயில் ஊர்ந்து செல்லும். பயணத்தின் மிக அழகான காட்சி அதுவே. அந்தத் தூண்கள் எப்படி நடப்பட்டன என்பதை அறிந்தபின் அந்த அழகைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் அருங்காட்சியகத்தை முதலில் வைத்திருக்கிறோம்.

எரவான் அருவியில் முதியவர்கள் ஏற முடியுமா?

ஏழு அடுக்குகளில் முதல் மூன்று வரை பாதை எளிது. அதற்குமேல் வேரும் பாறையும் ஏணிப்படியுமாக இருக்கும். மூன்றாவது அடுக்கோடு நின்றவர்கள் எதையும் இழந்ததில்லை. சுண்ணாம்புப் பாறை கரைந்த நீர் என்பதால் குளங்கள் வெளிர்பச்சையும் நீலமுமாகத் தெளிந்திருக்கும். காலை வைத்தால் மீன்கள் வந்து மெல்லக் கொறிக்கும். ஐராவதம் என்னும் யானையின் பெயரே எரவான். உச்சி அடுக்கின் பாறை அதன் தலைகளைப் போலத் தோன்றுவதால் அப்பெயர். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 300 பாட். பிளாஸ்டிக் பாட்டிலை மேலே கொண்டுசெல்ல முன்பணம் கட்டி, திரும்பும்போது பாட்டிலைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை என்பதால் கூட்டம் சேர்வதற்குள், திறந்தவுடனே ஏறத் தொடங்குகிறோம்.

யானைச் சவாரி உண்டா?

இல்லை. மனிதரை முதுகில் சுமக்கப் பழக்குவதற்கு யானைக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டி வைத்து வதைக்கும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது. சவாரியோ வித்தையோ இல்லாமல் தொலைவிலிருந்து பார்க்க மட்டும் விடும் காப்பிடங்கள் உண்டு. அவற்றுக்குத் தனியே நேரம் ஒதுக்கிச் செல்லுங்கள்.

பணம், தொலைபேசி, போக்குவரத்து?

சிறு கடைகளும் சந்தைகளும் ரொக்கத்தையே விரும்புகின்றன. வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பதால், அடிக்கடி சிறு தொகை எடுப்பது நட்டம். சிம் அட்டை விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். பாங்காக்கில் உயர்மட்டப் பாதையில் ஓடும் ரயிலும் ஆற்றுப் படகும் டாக்சியைவிட விரைவானவை. நேரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி முன்னே. குழாய் நீரைக் குடிக்காதீர்கள்.

தாய் மசாஜ் எங்கே செய்துகொள்வது?

வாட் போ வளாகத்திலேயே. அந்தக் கோயில் மரபு மருத்துவக் கல்வியின் நிலையம். உடலின் நரம்போட்டங்களைக் காட்டும் கற்பலகைகள் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. நுவாத் தாய் என்னும் இக்கலை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தளர்ந்த பருத்தி உடையோடு பாயில் படுக்க வைத்துச் செய்வார்கள், எண்ணெய் கிடையாது. முதுகுத்தண்டிலோ மூட்டிலோ சிகிச்சை பெற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழுவில் தனித்து நடக்க உரிமை உண்டா?

உண்டு. காலை உணவும் வண்டி புறப்படும் நேரமும் மட்டுமே எல்லோருக்கும் பொது. பத்து நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்ற விதி கடுமையாகத் தோன்றலாம். ஒருவர் தாமதித்தால் ஒன்பது பேரின் காலை வெயிலாகிவிடுகிறது. பத்துப் பேர் என்று வரையறுத்ததற்குக் காரணம், ஒரே வேனில் பெட்டிகளோடு அமர முடியும் என்பதும், ஒரு சிறு கடையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதுமே. நடக்க இயலாதவர்கள், பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஆகியோருக்கு இந்த வழித்தடம் ஏற்றதன்று.

கடைசி நாள் எப்படி அமைகிறது?

சனிக்கிழமை காலை எரவானில் கால் நனைத்த நீர், க்வாய் யாய் ஆற்றில் சேர்ந்து, காஞ்சனபுரியில் க்வாய் நோயுடன் கலந்து, மே கிளாங் என்ற பெயரோடு அம்பாவாவைக் கடந்து கடலுக்குச் செல்கிறது. நாமும் அன்று மாலைக்குள் அந்த ஆற்றோடு அங்கே வந்துவிடுகிறோம். இரவில் படகில் சென்றால் கரையோர மரங்களில் மின்மினிகள் தெரியும்.

ஞாயிறு விடியற்காலையில் பிக்கு ஒருவர் சிறு ஓடத்தைத் தாமே துடுப்புப் போட்டு வந்து, வீட்டுப் படித்துறைகளில் அமுது ஏற்பார். விடுதியில் சோறும் பழமும் தயாராக வைத்திருப்பார்கள். கொடுக்க விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கு முன் படித்துறைக்கு வந்து, காலணி இல்லாமல், மண்டியிட்டுக் கொடுக்கலாம். பிறகு மே கிளாங் நகரில் ரயில் தண்டவாளத்தின் மேலேயே நடக்கும் காய்கறிச் சந்தை. ரயில் வரும்போது கூரைத் துணிகளை மடக்கி, போனதும் விரித்து வியாபாரத்தைத் தொடர்கிறார்கள். வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் அங்கே காய் வாங்க வந்தவர்களுக்கு வழிவிட வேண்டும்.

சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சேர்ந்துவிடுகிறோம். குடிநுழைவுச் சோதனையைக் கடந்ததும் தேவரும் அசுரரும் வாசுகியைப் பற்றி இழுக்கும் பாற்கடல் கடைந்த காட்சி பெரிய சிற்பமாக நிற்கிறது. அதன் முன்னால்தான் குழுப் படம் எடுக்கிறோம். வாயில் எண்ணை முதலில் பார்த்துவைத்துக்கொண்டு அங்கே வந்து சேருங்கள்.